குழாயை யாரிடம் கொடுப்பது? வளரும் நாடுகளின் நகரக் குடிநீரில் தனியார் பங்கு குறித்து ஓர் ஒப்பீடு

1997 ஜனவரியில் பிலிப்பீன்ஸின் தலைநகரான மணிலாவில் குடிநீர் விநியோகத்துக்கான ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்தார்கள். அதுவரை அரசு நிறுவனம் ஆயிரம் லிட்டருக்கு 8.78 பெசோ வசூலித்துவந்தது. அயாலா குழுமத்தின் தலைமையில் வந்த கூட்டு நிறுவனமோ, நகரின் கிழக்குப் பகுதிக்கு 2.32 பெசோ போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. இரு பகுதிகளுக்குமே அயாலாவின் விலைதான் குறைவு. ஆனால் ஒருவருக்கே இரண்டையும் தரக் கூடாது என்பது விதி என்பதால், மேற்குப் பகுதி லோபஸ் குடும்பத்தின் பென்பிரெஸும் பிரான்சின் சூயஸும் சேர்ந்து அமைத்த மேய்னிலாட் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 பெசோ விலையில் போயிற்று. இரண்டுக்கும் 25 ஆண்டு உரிமை. ஒப்பந்த வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து ஆண்டுகள் முடிவதற்குள் மேற்கு நிறுவனம் நொடித்துக் கைமாறியது. கிழக்கு நிறுவனம் நிலைத்து நின்று, லாபமும் ஈட்டி, குழாய் இல்லாத குடிசைப் பகுதிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோயிற்று.

ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே ஆவணத்தின் கீழ் பிறந்த இரு தனியார் நிறுவனங்களின் கதை இப்படிப் பிரிந்ததற்கான காரணத்தை அறிந்துகொண்டால், வளரும் நாட்டு நகரம் ஒன்று தன் குடிநீரில் தனியாரை எங்கே, எந்த அளவுக்குச் சேர்க்கலாம் என்ற முடிவுக்குப் பாதி வழி வந்துவிட்டதாகக் கொள்ளலாம். "தனியார் வேண்டுமா, வேண்டாமா" என்று நகர மன்றக் கூட்டங்களில் எழும் வாதம் என்னைப் பொறுத்தவரை பயன் குறைந்த வாதம். முதலீட்டுக்கான பணத்தை யார் போடுகிறார், கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார், மழை பொய்த்தாலோ நாணய மதிப்பு சரிந்தாலோ அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே ஒரு நகரத்தின் தண்ணீரைத் தீர்மானிக்கின்றன.

2022 நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் கிடைக்கவில்லை என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. குழாய் வராத தெருவில் வாழ்பவர் இலவசமாகத் தண்ணீர் குடிப்பதில்லை. மற்றவர்களைவிட அதிகம் கொடுத்தே குடிக்கிறார். ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்றும், குடம் 5 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டருக்கு 330 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் தண்ணீர்கூட அதில் சிறு பங்குதான் ஆகும். குழாய் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பணத்தையும், பெண்களுக்கு நேரத்தையும், குழந்தைகளுக்கு உடல்நலத்தையும் ஒருசேரக் கொடுக்கிறது. ஆகவே இங்கே ஒப்பிடப்படும் ஒவ்வொரு வழியையும், கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கு அது எவ்வளவு விரைவாக இணைப்பைக் கொண்டுபோகிறது என்பதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

நடைமுறையில் இருக்கும் வழிகளை, தனியாருக்குக் கைமாறும் பொறுப்பின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். முதலீடு, இயக்கம், வசூல் அனைத்தையும் இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தனியாரிடம் விட்டுவிடும் நீண்டகால உரிமை ஒப்பந்தம் ஒரு முனையில் இருக்கிறது. அணை, சுத்திகரிப்பு நிலையம் போன்ற ஒரே ஒரு கட்டமைப்பை மட்டும் தனியார் தம் பணத்தில் கட்டி, இயக்கி, பிறகு ஒப்படைக்கும் முறை அடுத்தது. குழாய்களும் தொட்டிகளும் அரசின் சொத்தாகவே இருக்க, அவற்றை இயக்கிப் பராமரித்துப் பணம் வசூலிக்கும் வேலையைத் தனியார் எடுத்துக்கொள்வது குத்தகை முறை. குறிப்பிட்ட சில வார்டுகளைச் சீர்செய்து இயக்கிக் காட்டியதற்குக் கூலி பெறுவது சேவை ஒப்பந்தம். மறு முனையில், எதையும் கைமாற்றாமல் பொது நிறுவனத்தையே வணிக ஒழுங்குடன் திருத்தி அமைப்பது.

முதலில் நீண்டகால உரிமையைப் பார்ப்போம், ஏனெனில் அரசுகளுக்கு மிகுந்த ஆசை காட்டுவது அதுதான். கையில் பணம் இல்லாத அரசு, "நீயே முதலீடு செய், நீயே வசூலித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு விலகி நிற்க முடிகிறது. மணிலாவில் பழைய அரசு நிறுவனத்தின் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மேற்குப் பகுதியின் மேய்னிலாட் சுமக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. ஆசிய நிதி நெருக்கடி 1997 ஜூலையில் வெடித்தது. நிறுவனங்கள் ஆகஸ்டில் பொறுப்பேற்றன. டாலருக்கு ஏறத்தாழ 26 பெசோவாக இருந்த மாற்று விகிதம் சில ஆண்டுகளில் 50ஐத் தொட்டது. கடன் டாலரில், வசூல் பெசோவில். அந்தக் குறைந்த கட்டணத்தில் இந்தச் சுமையைத் தாங்க எந்த நிர்வாகத் திறமையாலும் முடிந்திருக்காது. 2001இல் மேய்னிலாட் அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தை நிறுத்திவிட்டது. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு நிறுவனம் மீண்டும் அரசின் கைக்கு வந்து, 2007 தொடக்கத்தில் புதிய உரிமையாளர்களுக்குப் போனது.

கிழக்குப் பகுதியின் மணிலா வாட்டர் பிழைத்ததற்குக் கடன்சுமை குறைவாக இருந்தது ஒரு காரணம் என்றால், களத்தில் அது செய்த வேலை இன்னொரு காரணம். நிலப்பட்டா இருந்தால்தான் இணைப்பு என்ற பழைய விதியைக் குடிசைப் பகுதிகளுக்குத் தளர்த்தினார்கள். சந்தின் முனையில் ஒரு தாய் மீட்டரை வைத்து, அதற்குப் பின்னால் உள்ள குடும்பங்கள் தங்களுக்குள் பிரித்துக் கட்டிக்கொள்ள வழிசெய்தார்கள். திருட்டு இணைப்பு வைத்திருந்தவர்களே வாடிக்கையாளர்களாக மாறினார்கள். பொறுப்பேற்றபோது நூற்றுக்கு 63 பங்கு கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்த தண்ணீர், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 11 ஆகக் குறைந்தது. வேறு எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் இந்த எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓர் அணை கட்டாமல், ஓர் ஏரி தோண்டாமல், மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீரைத் தடுத்ததாலேயே புதிய பல லட்சம் பேருக்கு விநியோகம் போனது. ஆனால் இதே நிறுவனம் 2019 மார்ச்சில் தன் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் தடுமாறி, ஒழுங்குமுறை அமைப்பின் அபராதத்துக்கு ஆளானதும் உண்மை. புதிய நீராதாரங்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போன நகரத்தில், கசிவைத் தடுப்பதால் கிடைக்கும் தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு.

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் அனுபவம் இரு பக்கமும் கூர்மையானது. 1993 முதல் அங்கே தனியார் நிறுவனம் குடிநீர் வழங்கியது. அந்நாட்டில் 1990களில் குடிநீரைத் தனியாரிடம் கொடுத்த நகராட்சிகளில் குழந்தை இறப்பு ஏறத்தாழ 8 விழுக்காடும், மிக ஏழ்மையான பகுதிகளில் 26 விழுக்காடும் குறைந்ததாக 2005இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. தனியார் என்றாலே ஏழைக்கு எதிர் என்று சொல்பவர்கள் இந்த முடிவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 2002 ஜனவரியில் பெசோவையும் டாலரையும் ஒன்றுக்கொன்று கட்டிவைத்திருந்த சட்டம் முறிந்து, கட்டணமும் உறைந்தபோது, மணிலாவின் கதையே அங்கும் நிகழ்ந்தது. 2006இல் ஒப்பந்தம் ரத்தாகி, சேவை அரசிடம் திரும்பியது. இவ்விரு நகரங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, நீண்டகால உரிமையின் ஆபத்து தனியாரின் பேராசையில் மட்டும் இருக்கவில்லை என்பது தெரிகிறது. மக்கள் உள்நாட்டு நாணயத்தில் கட்டும் ஒரு சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியதே அதன் முதல் ஓட்டை.

பொலிவியாவின் கோச்சபாம்பாவைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1999இல் ஒரே ஒரு போட்டியாளர் மட்டும் வந்த ஏலத்தில் 40 ஆண்டு உரிமை கொடுக்கப்பட்டது. மக்களுக்கு ஒரு சொட்டு புதிய தண்ணீர் வருவதற்கு முன்பே, 2000 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தது. வீதிப் போராட்டத்தில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஏப்ரலில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அந்தத் தனியார் நிறுவனத்தை வெளியேற்றியது நியாயமே என்பது என் கருத்து. ஆனால் திரும்பி வந்த நகராட்சி நிறுவனம் நகரின் தெற்குப் பகுதி ஏழைகளுக்குக் குழாயைக் கொண்டுசேர்க்கத் தவறியதும், அவர்கள் ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீரையே வாங்கிக்கொண்டிருந்ததும் அந்தப் போராட்டத்தைப் போற்றுபவர்கள் சொல்ல மறக்கும் பகுதி.

கட்டி இயக்கி ஒப்படைக்கும் முறைக்கு நம் கண்ணெதிரே இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் ஸ்பெயினின் அபென்கோவா குழுமத்தைச் சேர்ந்த பெஃபெசாவும் அதைக் கட்டின. 25 ஆண்டுகளுக்கு மொத்தமாகத் தண்ணீரை வாங்கிக்கொள்வதாகச் சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்புக்கொண்டது. ஆயிரம் லிட்டருக்குத் தொடக்க விலை 48 ரூபாய்க்குச் சற்றே கூடுதல். கோச்சபாம்பாவில் உரிமை பெற்ற கூட்டமைப்பிலும் அபென்கோவா ஒரு பங்காளி என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே குழுமம் ஓர் ஊரில் மக்களின் கோபத்துக்கு ஆளாயிற்று. மற்றோர் ஊரில் அதன் பெயரைக்கூட மக்கள் அறியவில்லை. மீஞ்சூரில் நிறுவனத்துக்கும் வீட்டுக் குழாய்க்கும் நடுவே வாரியம் நிற்கிறது. கட்டணம் பற்றிய முடிவு பொது அமைப்பின் கையில் இருக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது கடல்நீர் நிலையங்கள் நகரத்துக்குப் பெரிய துணையாக நின்றன. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் ஏரித் தண்ணீர் மலிவாக நிறைந்திருந்தாலும் ஒப்பந்தப்படி வாங்க வேண்டியிருப்பது இதன் மறுபக்கம். இதை வறட்சிக்கான காப்பீட்டுத் தவணையாகக் கருதினால் ஏற்கலாம். வழக்கமான நீராதாரமாகக் கருதினால் விலை அதிகம்.

இரண்டாவது எடுத்துக்காட்டான திருப்பூர் அதைவிட ஆழமானது. சாயப்பட்டறைகளுக்குக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்நாடு அரசும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனமும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் கூடி 1995இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. ஏறத்தாழ 1,023 கோடி ரூபாயில், பவானி அருகிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005இல் இயங்கத் தொடங்கியது. தொழிற்சாலைகள் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 45 ரூபாய் கொடுக்கும். அந்த வருவாயின் பலத்தில் நகர வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் போகும். சமூக நோக்கில் இது அழகான ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தொழில் தண்ணீரைக் கேட்டவர்கள், கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வியை முடிக்கவில்லை. நொய்யல் மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. விலை கொடுத்து வாங்குபவர்கள் ஒரே நாளில் மறைந்தார்கள்; கடன் மட்டும் மறையவில்லை. ஒற்றைத் தொழிலின் வருவாயைக் கொண்டு ஒரு நகரத்தின் குடிநீருக்கு மானியம் கொடுப்பவர்கள், அந்தத் தொழில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதைவிட முக்கியம், உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியே போகும் கழிவுக்கும் ஒரே திட்டமாகப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இனி குத்தகை முறை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் 1996இல் தன் பழைய அரசுக் குடிநீர் நிறுவனத்தை இரண்டாகப் பிரித்தது. குழாய், தொட்டி, நீரேற்று நிலையம் ஆகிய சொத்துகளும் முதலீட்டுக் கடமையும் சோனெஸ் என்ற பொது நிறுவனத்திடம் இருந்தன. இயக்கம், பராமரிப்பு, வசூல் ஆகியவற்றைப் பிரான்சின் சோர் குழுமம் பெரும்பங்கு கொண்ட எஸ்.டி.ஈ. என்ற நிறுவனம் ஏற்றது. அதில் ஒரு சிறு பங்கு பணியாளர்களுக்கே கொடுக்கப்பட்டது. மணிலாவில் போட்டியாளர்கள் மக்கள் கட்ட வேண்டிய கட்டணத்தை ஏலம் கேட்டார்கள். செனகலிலோ, தங்களுக்கு ஒரு கன மீட்டருக்கு (ஆயிரம் லிட்டருக்கு) எவ்வளவு கூலி வேண்டும் என்பதை மட்டுமே கேட்டார்கள். மக்களுக்கான கட்டணத்தை அரசே வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே உள்ள தொகை சோனெஸுக்குப் போய், புதிய குழாய்களாகத் திரும்பி வந்தது. கசிவு 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த நட்டத்தை இயக்குபவரே ஏற்க வேண்டும் என்பதாகக் கூலிச் சூத்திரம் எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ 32 விழுக்காடாக இருந்த இழப்பு பத்து ஆண்டுகளில் 20 அளவுக்கு வந்தது. இலக்கை எட்டவில்லைதான், ஆனாலும் கட்டணம் திடீரென எகிறாமல், ஏழைக் குடும்பங்களுக்கு மானிய இணைப்புகள் பெருமளவில் கொடுக்கப்பட்டபடியே இது நடந்தது. அரசு அலுவலகங்கள் தங்கள் தண்ணீர்க் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுவதையும் சீர்திருத்தத்தின் பகுதியாக்கினார்கள். நம் ஊர்களில் நகராட்சிக்கு நீண்டகாலமாகப் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் எடை புரியும்.

செனகலுக்கு ஒரு சாதகமும் இருந்தது. அதன் நாணயம் 1994இல் ஒரே அடியாகப் பாதி மதிப்பை இழந்து, பிறகு அந்தப் புதிய விகிதத்தில் பிரான்சின் நாணயத்தோடும், 1999 முதல் யூரோவோடும் கட்டப்பட்டு அசையாமல் நின்றதால், சீர்திருத்தக் காலத்தில் மணிலாவைப் போன்ற அதிர்ச்சி வரவில்லை. குறையும் இருந்தது. 2013 செப்டம்பரில் தலைநகர் டக்காருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் வழியில் பழுது ஏற்பட்டு நகரம் வாரக்கணக்கில் தவித்தபோது, சொத்து ஒருவரிடமும் பராமரிப்பு இன்னொருவரிடமும் இருக்கும் ஏற்பாட்டில் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. குத்தகையில் எல்லைக்கோட்டை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் ஒரு வால்வு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

சேவை ஒப்பந்தத்துக்குக் கர்நாடகத்தின் ஹுப்பள்ளி-தார்வாடு, பெலகாவி, கலபுரகி ஆகிய ஊர்களைச் சொல்லலாம். உலக வங்கிக் கடனும் மாநில அரசின் பணமும் முதலீடாக, இயக்குவதற்கு மட்டும் பிரான்சின் வியோலியா குழுமத்தை அமர்த்தி, சில வார்டுகளில் 2008 முதல் 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்துக் காட்டினார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில், காலியான குழாய்க்குள் சாக்கடை நீர் கசிந்து புகும். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் அது நடக்காது. தொடர் விநியோகப் பகுதிகளின் தண்ணீரில் மாசு குறைவாக இருந்ததை அங்கே நடந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. ஆனால் அந்த வெற்றியை ஊர் முழுவதற்கும் விரிப்பது பல ஆண்டுகள் இழுத்தது. முடியும் என்று காட்டுவதற்கு இம்முறை நல்லது; நகரம் முழுவதையும் மாற்றும் வலு இதற்கு இல்லை.

தனியாரே இல்லாமல் முடியாதா? கம்போடியாவின் நோம் பென் முடியும் என்று காட்டியது. உள்நாட்டுப் போரில் சிதைந்த அந்நகரின் குடிநீர் நிறுவனத்துக்கு 1993இல் எக் சோன் சான் தலைமை ஏற்றபோது நூற்றுக்கு 72 பங்கு தண்ணீர் கணக்கில் வரவில்லை. விநியோகமும் நாளில் பத்து மணி நேரம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வைத்து, அதிகாரத்தில் உள்ளவர்களையும் கட்டணம் கட்டவைத்து, ஏழைகளுக்கு இணைப்புச் செலவில் முழு மானியம் வரை கொடுத்து, பதினைந்து ஆண்டுகளில் இழப்பை 6 விழுக்காட்டுக்கும், விநியோகத்தை 24 மணி நேரத்துக்கும் கொண்டுவந்தார்கள். திட்டமிட்ட மூன்று கட்டண உயர்வுகளில் மூன்றாவது தேவைப்படாமலே போயிற்று, ஏனெனில் வசூல் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது. ஆனால் 1996இல் அரசு அந்த நிறுவனத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது என்பதையும், பிரான்சும் ஜப்பானும் பெரும் நன்கொடைகள் அளித்தன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2012இல் அதன் 15 விழுக்காட்டுப் பங்குகள் கம்போடியப் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன. தனியார் பணம் அங்கும் நுழைந்தது. சீர்திருத்தம் முடிந்த பிறகு, பங்குதாரராக, பொது உடைமை கலையாமல் நுழைந்தது.

மூன்று முதல் ஐந்து லட்சம் மக்கள் கொண்ட ஒரு நகரத்துக்கு நான் பரிந்துரைப்பது குத்தகையைத்தான். மண்ணுக்கடியில் கசிவைத் தேடுவது, மீட்டர் வைப்பது, வசூலைச் சீராக்குவது ஆகியவற்றில் தனியார் நிர்வாகத்தின் வலிமை மணிலாவின் கிழக்கிலும் செனகலிலும் வெளிப்பட்டது. நாணயச் சரிவைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை என்பதை மணிலாவின் மேற்கும் புவனோஸ் ஐரிஸும் காட்டின. முன்னதைக் கொடுத்து, பின்னதைக் கொடுக்காமல் இருக்கக் குத்தகை வழிவிடுகிறது. நோம் பென்னின் வழி எல்லாவற்றிலும் மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய தலைமையும், அதைத் தொந்தரவு செய்யாத அரசும் ஒருசேர அமைவது அரிது. அமைந்த ஊர் அதையே பின்பற்றட்டும்.

குத்தகைக்கு எதிராக எழும் வலுவான வாதம், முதலீட்டுக்கு அரசிடம் பணம் இல்லை என்பதால்தானே தனியாரைத் தேடினோம் என்பது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை உண்டு. 2002இல் பதின்மூன்று சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், துப்புரவுத் திட்டங்களை ஒன்றாக்கி, கூட்டு நிதியம் ஒன்றின் மூலம் ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. தனித்து நின்றால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள், கூட்டாக நின்றபோது சந்தையில் ரூபாயிலேயே பதினைந்து ஆண்டுக் கடனைத் திரட்டின. அதுவும் தனியார் பணந்தான். வெளிநாட்டு நாணயத்தின் ஆபத்தைச் சுமக்காத, குழாயின் மேல் உரிமை கேட்காத பணம். ஒரு நிறுவனம் இயக்கட்டும், வேறொருவர் கடன் கொடுக்கட்டும், உடைமையும் கட்டணமும் மன்றத்திடம் இருக்கட்டும்.

வரிசையும் முக்கியம். முதல் இரண்டு ஆண்டுகள் ஒப்பந்தப்புள்ளி எதுவும் கோராமல், நீரேற்று நிலையத்திலும் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் மொத்த மீட்டர்களை வைத்து, எவ்வளவு தண்ணீர் ஊருக்குள் நுழைகிறது, எவ்வளவு வீடுகளை அடைகிறது என்பதை நகராட்சியே அளந்து வெளியிட வேண்டும்; அந்த எண் தெரியாமல் ஏலம் விட்டால், ஏலம் கேட்பவர் ஊகத்தை விலையாக எழுதுவார், பிறகு திருத்தம் கேட்டு வருவார். ஏலத்தில் கேட்கப்படுவது இயக்குபவரின் கூலியாக இருக்க வேண்டும். ஒரே போட்டியாளர் மட்டும் வந்தால் ஏலத்தை நிறுத்த வேண்டும். ஒப்பந்தம் முழுவதும் தமிழில் நகராட்சி வாசலில் படிக்கக் கிடைக்க வேண்டும். கூலியின் ஒரு பகுதி, பட்டா இல்லாத வீடுகள் உட்பட, புதிதாக இணைக்கப்பட்ட ஏழை வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைய வேண்டும். முதல் ஆண்டு அறிக்கையில் கசிவு எண்ணுக்கு அடுத்த வரியாக அந்த எண்ணிக்கையும் வார்டு வாரியாக இடம்பெற வேண்டும்.